சோத்தாங்கை

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரியவரின் கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைப்பு குறைவு' என்று எழுதினேன். எங்கள் வேலையில் வாரத்துக்கு நாலு தடவையாவது எழுதுகிற சொற்கள்தான் அவை. பயிற்சிக்கு வர மறுக்கிறவர், வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், நாம் சொல்வதை ஒரு நாள் செய்துவிட்டு மறுநாள் விட்டுவிடுகிறவர் என்று எல்லாருக்கும் அதே இரண்டு சொற்கள். அன்றைக்கு எழுதும்போது கை தயங்கவில்லை. இன்றைக்கு அதே சொற்களை எழுத வேண்டி வந்தால் பேனா நின்றுவிடுகிறது. வீட்டிலும் கூட வேலை பார்க்கிறவர்களிடமும் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லித் தீரவில்லை. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

சேலத்தில் ஒரு மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருக்கிறேன். செயல்முறை மருத்துவம் என்று தமிழில் சொல்கிறார்கள், தொழில்வழிச் சிகிச்சை என்றும் எழுதுகிறார்கள். வார்டில் யாரும் இரண்டையும் சொல்வதில்லை, ஓ.டி. என்றுதான் சொல்வோம். ஆபரேஷன் தியேட்டருக்கும் அதே ஓ.டி.தான் என்பதில் ஒரு கொடுமை இருக்கிறது. இந்தப் பெரியவரை "நாளைக்குக் காலைல ஓ.டி.க்கு அனுப்பிவிடுங்க" என்று நர்ஸ் சொன்னதைக் கேட்டு அவர் மனைவி அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் என் அறைக்கு வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்தவர், கதவருகே நின்றுகொண்டு, "எத்தன மணி நேரம் ஆவும் கண்ணு?" என்றார். எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. அவருடைய இடது கைக்குள் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய்க் காசு இருந்தது. கோட்டை மாரியம்மனுக்கு. இங்கே கத்தி கிடையாதும்மா, டம்ளர் பிடிக்கவும் சட்டை மாட்டவும் சொல்லிக்கொடுக்கிற இடம் என்று விளக்கினேன். முகம் தெளிந்தது. ஆனாலும் முடிச்சை அவிழ்க்கவில்லை, அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டார்.

பெரியவருக்கு வயது 62. சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை ஒன்றில் நாற்பது வருடமாகப் பற்றவைக்கிற வேலை. சேலத்துக்காரர்களுக்குத் தெரியும், ஒரு ஜோடிக் கொலுசு ஒரே கையால் உருவாவதில்லை. வெள்ளியை உருக்குவது ஓர் இடம், கம்பி இழுப்பது ஓர் இடம், சலங்கை கோப்பது வேறொரு வீட்டுத் திண்ணை, மெருகு போடுவது இன்னொரு தெரு. அதில் இவர் பங்கு, கண்ணிகள் சேரும் இடத்தில் பொடி வைத்து ஊதுவது. முன்பு ஊதுகுழல், பிறகு கேஸ். வலது கையில் சாமணம் என்கிற சின்ன இடுக்கி. ஒரு நாள் காலையில் எழுந்தபோது அந்த வலது கையும் வலது காலும் இல்லை. பக்கவாதம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் வந்ததால் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அடைப்பு இடது மூளையில் என்பதால் பேச்சும் போயிருந்தது. நாம் சொல்வது அவருக்குப் புரியும். அவர் வாயிலிருந்து வந்தவை இரண்டே சொற்கள்: 'சரி', 'வேணாம்'.

ஆறு கட்டில் வார்டு

வலது கை விழுந்துபோன ஒருவருக்கு நாங்கள் முதலில் செய்வது என்னவென்றால், இடது கையால் சாப்பிடப் பழக்குவது. கட்டிலில் அவருக்குக் கிடைக்கிற நாட்கள் பத்தோ பன்னிரண்டோதான். வலது கை திரும்ப மாதக்கணக்கு ஆகும், திரும்பாமலும் போகலாம். இடது கையில் ஒரு ஸ்பூனைப் பிடிக்க மூன்று நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஸ்பூன் காம்பில் சைக்கிள் ஹேண்டில் ரப்பரைச் சொருகித் தடிமனாக்கி, தட்டு நழுவாமல் அடியில் ஈரத்துணி விரித்து, விளிம்பு உயர்ந்த தட்டாகப் பார்த்து வைத்தால் வேலை முடிந்தது. உப்புமாவில் தொடங்கினோம். பெரியவர் நல்ல கைவேலைக்காரர் அல்லவா, இரண்டாம் நாளே சிந்தாமல் எடுத்தார். எனக்கு ஒரே சந்தோஷம். மூன்றாம் நாள் ஸ்பூனைத் தள்ளிவிட்டார். "வேணாம்." நாலாம் நாளும் அதே. நான் அந்தப் பக்கம் போனதும் மனைவி பிசைந்து ஊட்டிவிடுவார், பெரியவர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவார். பக்கத்துக் கட்டில்காரர் என்னிடம் சொல்லிவிட்டார்.

ஐந்தாம் நாள் மதியம் சாப்பாட்டு வேளையில் சரியாகப் போய் நின்றேன். அந்த அம்மா கையில் சோற்றோடு என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். "அம்மா, இப்படி ஊட்டிவிட்டுட்டே இருந்தா அவர் எப்பவுமே கத்துக்க மாட்டார். நீங்க அவருக்கு நல்லது பண்ணல" என்று சொன்னேன். குரல் உயரவில்லை. ஆனால் வார்டில் ஆறு கட்டில், எல்லாரும் கேட்டார்கள். அவர் சோற்றைத் தட்டில் போட்டுவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். கழுவக்கூடப் போகவில்லை. பெரியவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இடது கையில் ஸ்பூனை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வாய் சாப்பிட்டார். வாய் எண்ணியது நான்தான். கண்ணை மூடியிருந்தார் என்பதையும் நான் பார்த்தேன். பார்த்தும் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

நோயாளி எதையெல்லாம் தானே செய்கிறார் என்று மதிப்பெண் போடும் படிவத்தில், அன்றைக்கு 'உணவு உண்ணுதல்' என்ற வரிசையில் 10 போட்டேன். அந்த வரிசைக்கு அதுதான் முழு மதிப்பெண். முந்தைய இரண்டு நாட்களுக்கு நேரே 'ஒத்துழைப்பு குறைவு'. பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

மூன்றாம் மாதம் மறுபரிசோதனைக்கு வந்தபோது 61 கிலோ இருந்தவர் 53 கிலோவாகியிருந்தார். "அப்பா சரியா சாப்பிடறதே இல்லைங்க மேடம்" என்றார் மகன். விழுங்குவதில் கோளாறா என்று பார்த்தார்கள், இல்லை. பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு வருவது சாதாரணம், அதற்கும் மாத்திரை எழுதினார்கள். வலது கையை எடுத்துப் பார்த்தேன். விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகி மடங்கியிருந்தன, தோள் இறுகத் தொடங்கியிருந்தது. ஒரு கை எல்லாவற்றையும் செய்துவிடும்போது மற்றக் கையை மூளை கணக்கிலிருந்து எடுத்துவிடும். கற்றுக்கொண்ட பயன்பாடின்மை என்று எட்வர்ட் டாப் என்கிற அமெரிக்க ஆய்வாளர் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நாங்கள் பரீட்சைக்குப் படித்ததுதான். சோம்பியிருக்க அந்தக் கைக்கு வழி காட்டியதில் என் ஸ்பூனுக்கும் பங்கு உண்டு என்பது அப்போது மண்டையில் உறைத்தது. ஆனால் எடை ஏன் குறைந்தது என்பதற்கு அது பதில் இல்லை. வெளியே போகும்போது அந்த அம்மா என்னிடம் தனியாக, "ஒருநா வீட்டுக்கு வா கண்ணு. இங்க வெச்சுச் சொல்ல முடியாது" என்றார்.

வீட்டுக் கொல்லை

2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு பிசியோதெரபிஸ்ட் வீடு தேடி வருவது நம் மக்களுக்குப் பழகிவிட்டது. எங்கள் மருத்துவமனையில் என்னைப் போன்றவர்கள் வீட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சொந்த வண்டியில் போனேன். முன்னறையில் மகன் பட்டறை. இரண்டு பெண்கள் உட்கார்ந்து கொலுசில் சலங்கை கோத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சலங்கையும் மிளகைவிடச் சின்னது. மதியம் எல்லாரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள், எனக்கும் இலை போட்டார்கள். பெரியவர் மட்டும் இல்லை. எல்லாரும் எழுந்த பிறகு ஊன்றுகோலோடு கொல்லைக்குப் போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தார். மடியில் தட்டு. துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடது கைக்கு மேல் போட்டுக்கொண்டார். துண்டுக்கு அடியில் ஸ்பூன் போய்ப் போய் வந்தது. ஆறேழு வாய். எழுந்துவிட்டார்.

"பேரன் பாத்துட்டு, தாத்தா சீ, பீச்சாங்கையில சாப்புடுதுன்னு சொல்லிட்டான் கண்ணு. நாலு வயசு. அவன என்ன சொல்றது? அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே இவருதான்" என்றார் அந்த அம்மா. தம்பி மகள் கல்யாணத்துக்குப் போனார்களாம். மண்டபம் வரை வந்தவர் பந்தியில் உட்காராமல் காரிலேயே இருந்துவிட்டாராம். "ஆசுபத்திரியில அன்னிக்கு நீ நின்னப்ப அவரு பசிக்குச் சாப்புடல. உனக்காகச் சாப்புட்டாரு." இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

நம் பேச்சில் வலது கைக்குப் பெயரே சோத்தாங்கை. குழந்தைக்கு வலம் இடம் சொல்லித்தரும்போது வலது என்று யார் சொல்கிறோம்? "சோறு திங்கிற கை எது, அந்தப் பக்கம் திரும்பு" என்கிறோம். மற்றக் கையின் பெயரும் அதன் வேலையிலிருந்துதான் வந்தது. இரண்டு கைக்கும் இரண்டு வேலை, ஒன்றின் வேலையை மற்றது தொடாது. அறுபது வருடம் அந்த வரப்பைத் தாண்டாத ஒருவருக்கு, காலையில் கழிப்பறையில் அதே இடது கையால் கழுவிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தேன். மதியம் அதே கையில் ஸ்பூனைக் கொடுத்தேன். என் படிவத்தில் கழிப்பறைக்கு ஒரு வரி, உணவுக்கு ஒரு வரி. இரண்டு வரிக்கும் ஒரே கைதான் என்பதை நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. ஸ்பூன்தானே, கை படவில்லையே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அந்த அம்மா பதிலே சொல்லவில்லை. தன் இடது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு இதைக் கடந்து போகலாம். பல வருடம் அப்படித்தான் போனேன். ஆனால் எல்லாருக்கும் இது ஒன்றுபோல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார், அவருக்கும் வலது பக்கம்தான். முதல் நாளே இடது கையால் அள்ளிச் சாப்பிட்டார். சங்கடமாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, "கை கைதான் பாப்பா, பசி பசிதான்" என்றுவிட்டார். அவருடைய கவலையெல்லாம் காப்பிப் பழம் பறிப்பதில் இருந்தது. கார்த்திகை தொடங்கினால் பழுத்தது எது, காய் எது என்று பார்த்துப் பறிக்க வேண்டும். ஒரு கை கிளையை வளைத்துப் பிடிக்க, மறுகை உருவி இடுப்பில் கட்டிய பையில் போட வேண்டும். இரண்டு கையும் இல்லாமல் ஆகாது. மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி என்னிடம் வந்ததே அதற்குத்தான். அவருக்கு இடது கை ஸ்பூனைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அது அவர் நேரத்துக்குக் கேடுதான். யாருக்கு எது என்று கேட்டுத்தான் தெரிய வேண்டும். பெரியவரிடம் நான் கேட்கவில்லை. பேச்சு வராதவரிடம் என்ன கேட்பது என்று இருந்துவிட்டேன். 'வேணாம்' என்று அவர் சொன்னது பேச்சில்லையா?

வெண்ணெய் தடவும் கை

வீட்டுக்கு வந்து அந்தப் படிவத்தின் மூலக் கட்டுரையைத் தேடி எடுத்தேன். பார்த்தெல் அட்டவணை என்று பெயர். 1965-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஃப்ளாரன்ஸ் மஹோனி, டாரத்தியா பார்த்தெல் என்ற இரண்டு பெண்கள் வெளியிட்டது. பத்து வரிசை, மொத்தம் 100 மதிப்பெண். உலகம் முழுக்கப் பக்கவாத வார்டுகளில் அதுதான் ஓடுகிறது. கல்லூரியில் அதன் சுருக்கத்தை மனப்பாடம் செய்திருந்தேன், முழுதாகப் படித்ததில்லை. சாப்பிடுவதற்கு 10 வாங்க என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது: எட்டுகிற தூரத்தில் உணவை வைத்தால் தானே சாப்பிட வேண்டும், உணவை வெட்டிக்கொள்ள வேண்டும், உப்பும் மிளகும் தூவிக்கொள்ள வேண்டும், வெண்ணெய் தடவ வேண்டும். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் மேல் குறை இல்லை. அவர்கள் முன்னால் இருந்த நோயாளிகள் ரொட்டி சாப்பிடுகிறவர்கள், அந்தச் சாப்பாட்டை அவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்! கத்தியைப் பிடிப்பது, வெட்டுவது, தடவுவது என்று ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறார்கள். சோற்றைப் பிசைந்து சாப்பிடுவதை அதே மாதிரி உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டியவள் நான். அமெரிக்காவில் பிறந்து இந்தியாவுக்கு வாழவந்த கமலா நிம்ப்கர் 1950-இல் மும்பையில் இந்தத் துறைக்கு முதல் பள்ளியைத் தொடங்கி எழுபது வருடம் தாண்டிவிட்டது. என் கைக்கு வந்த பாடப்புத்தகங்களில் இன்னும் முள்கரண்டிப் படம்தான்.

அன்று இரவு என் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என் கையையே பார்த்தேன். சோற்றில் குழி செய்து குழம்பு ஊற்றியதும் முதலில் விரல் நுனிகள் சூட்டைப் பார்க்கின்றன. பிறகு நாலு விரலும் சேர்ந்து மடங்கி நசுக்குகின்றன, விரிகின்றன, மறுபடி மடங்குகின்றன. கட்டை விரல் அப்போது சும்மா இருக்கிறது. கவளம் சேர்ந்ததும் விரல்கள் கரண்டிபோல் குழிகின்றன. கை எழும்போது முன்கை மெல்லத் திரும்புகிறது. உதட்டருகே வந்ததும் இதுவரை சும்மா இருந்த கட்டை விரல் பின்னாலிருந்து தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் எல்லாவற்றையும்விட நுட்பமானது. கவளம் வாய்க்குள் போகும்போது விரல் உதட்டைத் தாண்டுவதில்லை. பக்கவாதம் வந்த கையில் கடைசியாகத் திரும்புவது இந்த மாதிரி தனித்தனி விரல் அசைவுதான், அதுவும் கட்டை விரல். முதலில் வருவது எல்லா விரலும் ஒன்றாக மடங்குவது. விரிவது அதற்கப்புறம். ஆக, பெரியவர் கைக்குப் பிசையவும் தள்ளவும் இப்போதைக்கு வழியில்லை. வலது உள்ளங்கையில் ஸ்பூனைச் சொருகிக் கட்டுகிற பட்டை ஒன்று இருக்கிறது. அதைத் தைத்து எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு போனேன்.

பட்டையை மாட்டினோம். பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைவேலைக்காரர் இன்னொருவரின் கைவேலையைப் பார்க்கிற பார்வை. பிறகு தலையாட்டினார். "வேணாம்." இந்த முறை நான் வற்புறுத்தவில்லை. என்ன செய்வது என்றும் தெரியவில்லை. மாலை ஐந்து மணி இருக்கும். அந்த அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ளே போய் மதியச் சோற்றைக் குண்டானில் போட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டு முற்றத்துக்கு வந்தார். "எங்க மாமியா இருந்த வரைக்கும் பௌர்ணமியன்னிக்கு யாருக்கும் தட்டு கெடையாது, எல்லாருக்கும் கையிலதான்" என்று சொல்லிக்கொண்டே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பேரப்பிள்ளைகள் மூன்று பேரையும் கூப்பிட்டார். பட்டறையிலிருந்து மகனையும் கூப்பிட்டார். பெரியவரைக் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். நிலாச்சோறு என்று சொல்ல நிலா இன்னும் வரவில்லை.

முதல் உருண்டை மூத்த பேத்தி கையில். அடுத்தது பையன். அதற்கடுத்து அந்தச் 'சீ' சொன்ன நாலு வயது. பிறகு பெரியவர் முறை. அந்த அம்மா அவர் வலது கையைத் தன் மடிமேல் எடுத்து வைத்தார். விரல்களை அவர் பிடித்து இழுக்கவில்லை. மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கினார், விரல்கள் தானாகத் தளர்ந்தன, பிறகு ஒவ்வொன்றாக விரித்தார். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மடங்கிய உள்ளங்கை வியர்த்து நாற்றம் எடுக்கும் அல்லவா, தினமும் கழுவிவிட்டுக் கழுவிவிட்டு அவரே கண்டுபிடித்திருந்தார். விரித்த உள்ளங்கையில் எலுமிச்சம்பழம் அளவு உருண்டையை வைத்தார். விரல்கள் அதன்மேல் தாமாக மூடின. மூடுவதுதானே அந்தக் கைக்குத் தெரிந்த ஒரே காரியம். பெரியவர் இடது கையை வலது மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். முழங்கை மடங்கியது, முகம் கொஞ்சம் குனிந்து எதிரே வந்தது. பாதி வாய்க்குள், பாதி வேட்டியில். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை, அதற்குள் பேத்தி அடுத்த உருண்டைக்குக் கையை நீட்டிவிட்டாள். சுற்று மறுபடி வந்தபோது பெரியவர் வலது கையை இடது கையால் எடுத்து மனைவியின் முன்னால் தானே நீட்டினார்.

பதினான்கு உருண்டை எண்ணினேன். ஒவ்வொரு உருண்டைக்கும் கையை நீட்டி, விரித்து, மூடி, தூக்கி, மடக்கி, இறக்க வேண்டும். என் அறையில் பிளாஸ்டிக் கூம்புகளை வைத்துக்கொண்டு நாலு தடவைக்கு மேல் அவரை அசைக்க என்னால் முடிந்ததில்லை. பதினான்காவது உருண்டையில் வேட்டியில் விழுந்தது நாலைந்து பருக்கைதான். பையன் தாத்தாவைப் பார்த்துக்கொண்டே தன் வாயையும் திறந்து திறந்து மூடினான். நான் தைத்துக்கொண்டு போன பட்டை கட்டிலில் கிடந்தது. திரும்பும்போது பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஐந்து

அதற்கப்புறம் அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு கையில்தான் என்று ஆனது. மகன் அவ்வப்போது வீடியோ அனுப்புவார், நான் பார்த்து இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் சொல்வேன்: உருண்டையைச் சின்னதாக்குங்கள், இடது கை தாங்கலைக் குறையுங்கள், முற்றத்தில் உட்காரும்போது வலது பாதம் தரையில் முழுதாகப் படட்டும். பகலில் ஜவ்வரிசியைக் கிண்ணத்தில் போட்டு அதற்குள் விரலை விட்டுத் துழாவும் பயிற்சி கொடுத்தேன், அதை வேண்டாம் என்று சொல்லாமல் செய்தார். ஆறாம் மாதம் மறுபரிசோதனையில் எடை 58. படிவம் போட வேண்டும். இடது கை ஸ்பூனை அவர் தூக்கிப்போட்டு மூன்று மாதம் ஆகிறது. இப்போது சாப்பிடுவது வலது கையால். ஆனால் பிசைந்து உருட்டித் தருவது மனைவி. 'உதவி தேவை' என்றால் 5. வார்டிலிருந்து போகும்போது 10 வாங்கியவர், ஆறு மாதம் கழித்து 5. கணக்குப்படி அவர் பின்னால் போயிருக்கிறார்.

5 என்றே போட்டேன். அதுதான் உண்மை, அட்டவணையை வளைக்க எனக்கு உரிமை இல்லை. பக்கத்தில் இருந்த குறிப்பு இடத்தில் 'வலது கையால். குடும்பத்தோடு' என்று எழுதினேன். "ஏன் மார்க் இறங்கியிருக்கு?" என்று துறைத் தலைவர் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் அப்பாவுக்கும் கடைசி இரண்டு வருடம் வலது கை இல்லை என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். வலது பக்கம் விழுந்தவர்கள் எத்தனை பேருக்கு இடது கையில் ஸ்பூனைக் கொடுத்து அனுப்பியிருப்பேன்? அவர்களில் எத்தனை பேர் ஏதோ ஒரு கொல்லையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்? ஊட்டிவிட்ட எத்தனை பேரை நிறுத்தச் சொல்லியிருப்பேன்? தானே சாப்பிடக் கற்பது பெரிய விஷயம் என்று இன்றைக்கும் நம்புகிறேன். மனைவி இல்லாதவருக்கு, மகன் வெளியூரில் இருப்பவருக்கு அந்த ஸ்பூன்தான் உயிர். அவர்களுக்கு இன்னும் சொல்லித்தருகிறேன், வேகமாகவே சொல்லித்தருகிறேன். ஆனால் முதல் நாள் வேறு ஒன்று கேட்கிறேன். வீட்டில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவீர்கள், எந்தக் கை, அந்தக் கை இல்லாவிட்டால் என்ன செய்யப் பிடிக்கும் என்று. பேச்சு வராதவரிடம் இரண்டு தட்டை வைத்து, மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து, காட்டச் சொல்கிறேன். இதற்கு இருபது நிமிடம் கூடுதலாக ஆகிறது. அந்த இருபது நிமிடத்துக்காகச் சில நாள் மதியச் சாப்பாடு நாலு மணிக்குப் போய்விடுகிறது.

பெரியவர் பட்டறைக்குத் திரும்பவில்லை. சாமணம் பிடிக்க அந்தக் கை போதாது. போதுமாகும் என்று நான் வாக்கும் கொடுக்கவில்லை. மகன் பற்றவைத்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சரியாகச் சேராத கண்ணியை இடது கையால் சுட்டிக்காட்டுகிறார். கல்யாணப் பந்திக்கு இன்னும் போவதில்லை. போன ஆடியில் அந்த அம்மா மட்டும் மருத்துவமனைக்கு வந்திருந்தார், மாத்திரை வாங்க. என் அறைக் கதவருகே முன்பு நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டு, கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு இரண்டு பேரும் போய்வந்ததைச் சொன்னார். மஞ்சள் துணி முடிச்சை உண்டியலில் போட்டாகிவிட்டதாம். வரிசையில் யாரோ மாவிளக்கு மாவு கொடுத்துக்கொண்டு வந்தார்களாம். எல்லாரும் இடது கையை அடியில் வைத்து வலது உள்ளங்கையை நீட்டி வாங்கினார்கள். இவரும் அதேபோல் இடது கையை அடியில் வைத்து வலது கையை நீட்டினாராம்.

"பக்கத்துல நின்னவங்களுக்கு ஒண்ணுமே தெரியல கண்ணு" என்றார். கையைக் குழித்து, எப்படி நீட்டினார் என்று எனக்குக் காட்டினார்.